பசியாவரத்துக் குடிநீர்

காலைக் காப்பி ஐந்து நிமிஷம் தாமதமானால் நம்மவர் வீடுகளில் என்ன நிகழும் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தலைவருக்குத் தலைவலி, பிள்ளைகளுக்குச் சோம்பல், அடுக்களையில் இருப்பவருக்கோ ஏச்சு. இத்தனைக்கும் காரணமான அந்தப் பானத்தை நம் பாட்டனாரின் பாட்டனார் கண்டதுகூட இல்லை. தேயிலையோ அதற்கும் பிந்தி நம் வாசலுக்கு வந்தது. அவற்றுக்கு முன் நம் ஜனங்கள் விடியற்காலையில் எதைக் குடித்தார்கள்? வெயில் காலத்தில் நீராகாரம் குடித்தார்கள். மழைக்காலத்திலும், தேகம் சற்றுத் தளர்ந்தபோதும், இஞ்சியோ சுக்கோ தட்டிப் போட்டு, மல்லியும் மிளகும் சேர்த்து, கொல்லையில் கிள்ளிய இலைகளை இட்டுக் காய்ச்சிய பானத்தைக் குடித்தார்கள். இந்தப் பானத்தைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். எந்தப் புத்தகமும் நம்மை இதற்குத் தூண்டவில்லை. பழவேற்காட்டு ஏரியின் நடுவே, பசியாவரம் என்னும் மீனவர் கிராமத்தில், ஒரு மூதாட்டி நமக்கு அளித்த ஒரு டம்ளர் குடிநீரே தூண்டியது.

ஏரியில் ஒரு காலை

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரிக்கு அப்பால் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டுக்கு உரியது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உள்ளே புகுகிறது. இந்த இரண்டும் கலக்கும் நீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன. அவற்றை நம்பியே சுற்றிலுமுள்ள குப்பங்கள் வாழ்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், பூநாரைகளைக் காட்டுவதற்காக நம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். பழவேற்காட்டிலிருந்து அப்போது படகிலேறித்தான் பசியாவரம் போய்ச் சேர்ந்தோம். பனியும் வாடைக்காற்றும் சேர்ந்து பிள்ளைகளின் பற்களைக் கிட்டச் செய்துவிட்டன. இராமுழுதும் வலையிழுத்த மனிதர்கள் இடுப்பு வரை நனைந்தபடி கரையேறிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய தாயார், நம் பிள்ளைகள் நடுங்குவதைக் கண்டு, வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"பிள்ளைங்க வாடையில வந்திருக்குதுங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும் ஐயா" என்றார்.

தேநீர் வரப்போகிறது என்று நாம் நினைத்தோம். வந்தது வேறு. பொன்னிறமும் பழுப்பும் கலந்த சூடான நீர். முதலில் இஞ்சியின் காரம், பிறகு மல்லியின் மணம், தொண்டையில் இறங்கும்போது கருப்பட்டியின் இனிப்பு, இறங்கிய பின்னர் மூக்கிலே ஒரு பச்சிலை வாசம். ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகளின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது; பேச்சும் திரும்பி வந்தது. ஆசிரியர் என்ற முறையில் அதை நாம் அவ்வளவு விரும்பியிருக்கக் கூடாது. ஆயினும் அன்று மகிழ்ந்தோம்.

"இதற்குப் பெயர் என்ன ஆயா?" என்று கேட்டோம்.

"பேரு என்னங்க பேரு? குடிநீர்தான்" என்றார்.

இரண்டு குடிநீர்கள்

அந்த ஒரு சொல்லிலே ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. சித்த வைத்தியத்தில் மூலிகைகளை நீரிலிட்டுக் காய்ச்சி வடிப்பதற்குக் குடிநீர் என்றே பெயர். 2012-ல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டு அரசாங்கம் ஊர் ஊராக வழங்கியது நிலவேம்புக் குடிநீர். 2020-ல் கொரோனாக் காலத்தில் வழங்கியது கபசுரக் குடிநீர். ஆனால் உப்பு நீர் சூழ்ந்த மணல் திட்டில் வாழ்பவருக்குக் 'குடிநீர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது மருந்தன்று, குடிக்கத்தக்க தண்ணீர்தான்.

நன்னீர் உப்பு நீரைவிடக் கனம் குறைந்தது. ஆகையால் மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டினாலும், அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும், கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். இந்தப் பௌதிக சாஸ்திரத்தை நாம் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கிறோம். அந்த அம்மாள் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். "உப்புத் தண்ணியில காய்ச்சினா எந்த இலையும் மணக்காதுங்க ஐயா. இதுக்குன்னு நல்ல தண்ணி தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்று மூலையில் மூடியிருந்த மண்பானையைக் காட்டினார். அவர் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பொருளில் மிக விலையுயர்ந்தது எது என்று அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

பட்டணவாசிகளாகிய நம்மில் பலருக்கும் இது பொருந்தும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரில் காய்ச்சி விட்டு, "கஷாயம் நன்றாகவே இல்லையே" என்று இஞ்சியைக் குறை கூறுவதில் பயனில்லை. நல்ல நீரே இந்தப் பானத்தின் முதற் சரக்கு.

கப்பலேறிய மணம்

இரண்டாவது சரக்கு இலை. அந்த வீட்டின் பின்புறத்தில் உடைந்த பானைகளும் பழைய டப்பாக்களும் வரிசையாக இருந்தன. ஒன்றில் துளசி, ஒன்றில் ஓமவல்லி, ஒன்றில் எலுமிச்சம்புல். தோட்டம் அவ்வளவுதான். உப்பு மண் உதவாது என்பதால், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தொட்டிகளில் இட்டு வளர்த்திருந்தார்கள். அரிசி கழுவிய நீரே பாய்ச்சல்.

இந்த மூன்று தொட்டிகளைப் பார்த்து நின்றபோது ஏரிக்கு அக்கரையிலுள்ள டச்சுக்காரர் கல்லறைகள் நம் நினைவுக்கு வந்தன. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த மயானத்தைப் பார்த்து வருகிறார்கள். டச்சுக்காரர் 1613-ல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. எதற்காக அத்தனை தூரம் வந்தார்கள்? நம் நெசவாளர் நெய்த துணிக்காக வந்தார்கள். கிழக்கே மொலுக்காஸ் தீவுகளிலும் பாண்டா தீவுகளிலும் கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி ஆகியவற்றை வாங்குவதற்கு நம் துணியே நாணயம் போலப் பயன்பட்டது. அந்த வியாபாரத்தில் இரத்தமும் கலந்திருந்தது. 1621-ல் பாண்டா தீவுகளின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டும் நாடு கடத்தப்பட்டும் போனார்கள். 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கோட்டை இன்று புதர் மூடிய மேடாகக் கிடக்கிறது.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் காரணமான கிராம்பின் மணம் யூஜெனால் என்னும் எண்ணெய்ப் பொருளிலிருந்து வருவது. நம் வீட்டு முற்றத்துத் துளசியில் மணப்பதும் பெரும்பாலும் அதே யூஜெனால்தான். ஓமவல்லியின் கதை இன்னும் விசித்திரமானது. லூரெய்ரோ என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் 1790-ல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது, கிராம்புக்குப் பேர்போன அம்பாய்னாத் தீவின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் இலையில் தைமால், கார்வக்ரால் என்ற பொருள்கள் இருக்கின்றன. ஓமத்தில் உள்ளதும் தைமாலே. ஆகையால்தான் நம்மவர்கள் அதை ஓமவல்லி என்று அழைத்தார்கள். எலுமிச்சம்புல்லின் மணம் எலுமிச்சைத் தோலிலும் உள்ள சிட்ரால் என்பதால் ஆனது. மணச் சரக்குகளைத் தேடி ஒரு சாதியார் பூமியின் பாதியைச் சுற்றி வந்து இறங்கிய கரையிலே, உடைந்த பானைகளில் அந்த மணங்கள் விலையில்லாமல் வளர்ந்து நிற்கின்றன.

செய்யும் வகை

அன்று அந்த அம்மாளிடம் அளவு கேட்டபோது, "கண்ணளவுதாங்க" என்றார். அவர் செய்வதை அருகிலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, பின்னர் நம் வீட்டில் பலமுறை செய்து பார்த்து வகுத்த அளவு இது. நான்கு பேருக்குப் போதும்.

நல்ல தண்ணீர் ஐந்து டம்ளர், அதாவது ஒரு லிட்டர், தோல் சீவிய பச்சை இஞ்சி 20 கிராம், மல்லிவிதை இரண்டு மேஜைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு பத்து, ஏலக்காய் ஒன்று, துளசி பத்துப் பன்னிரண்டு இலை, ஓமவல்லி நான்கு இலை, எலுமிச்சம்புல் இரண்டு தாள், கருப்பட்டி 40 கிராம். மழை நாளாயின் திப்பிலி இரண்டு சேர்க்கலாம்.

இஞ்சியைக் கழுவித் தோலை நன்றாகச் சீவ வேண்டும். சுக்குக்கும் அவ்வாறே, அதன் நஞ்சு வெளித்தோலில் இருப்பதாகப் பெரியோர் சொல்வர். இஞ்சியை அம்மியிலோ உரலிலோ இலேசாகத் தட்டினால் போதும். விழுதாக அரைக்க வேண்டாம். மல்லியையும் சீரகத்தையும் வெறும் சட்டியில் மணம் எழும் வரையில் வறுத்து, மிளகோடு சேர்த்து ஒன்றிரண்டாகப் பொடிக்க வேண்டும். மிளகை முன்னதாகத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்லது. நல்ல மிளகு அமிழ்ந்துவிடும். கலப்படத்துக்குச் சேர்க்கும் பப்பாளி விதை மிதக்கும்.

கொதிக்கும் தண்ணீரில் இஞ்சியையும் பொடித்த சரக்குகளையும் போட்டு, ஐந்து டம்ளர் நான்காகும் வரையில் மெல்லிய தீயில் காய்ச்ச வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வேரும் விதையும் கடினமானவை. அவற்றின் சாரம் இறங்க நேரம் வேண்டும். இலையோ மெல்லியது, அதன் மணமெல்லாம் எளிதில் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால், வீடு முழுவதும் மணக்கும். டம்ளரில் மணம் இராது. ஆகையால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே இலைகளைக் கசக்கிப் போட்டு, தட்டினால் மூடி, ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். பசியாவரத்து அம்மாள் மூடிய தட்டின்மேல் ஒரு கல்லையும் வைத்தார். மூடியின் உட்புறத்தில் படிந்த நீர்த்துளிகளை அவர் பாத்திரத்துக்குள்ளேயே வழித்து விட்டதையும் கண்டோம். மணம் அந்தத் துளிகளில் இருக்கிறது.

கருப்பட்டியைத் தனியே வெந்நீரில் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது உத்தமம். அதில் மணல் இருப்பதுண்டு. பால் விரும்புகிறவர்கள் பச்சை இஞ்சியைப் பாலில் நேரே போடலாகாது. இஞ்சியிலுள்ள ஒரு பொருள் பாலைத் திரித்துவிடும். இஞ்சி தண்ணீரில் நன்கு கொதித்தபின் பாலை ஊற்றினால் திரிவதில்லை. எலுமிச்சம்பழம் பிழிவதானால் பால் சேர்க்காமல், சூடு சற்றுத் தணிந்தபின் பிழிய வேண்டும்.

இஞ்சி கிடைக்காத காலத்தில் சுக்கு உதவும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருள் உலரும்போது ஷோகால் என்று மாறுகிறது. அது அதனினும் காரமானது. ஆகையால் சுக்கை இஞ்சியின் அளவில் நாலில் ஒரு பங்கு போட்டாலே போதும்.

பொட்டலம் வந்த விதம்

இவ்வளவு எளிய பானம் நம் அடுக்களையை விட்டு எப்படி வெளியேறிற்று? அது தானாக வெளியேறவில்லை. அஸ்ஸாம் தேயிலை 1839-ல் முதன்முதலாக லண்டனில் ஏலம் விடப்பட்டது. நெடுங்காலம் அது அன்னியருக்காகவே விளைந்தது. 1903-ல் ஏற்றுமதியாகும் தேயிலைமீது ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு தேயிலைப் பிரசாரம் நடத்தச் சட்டம் செய்தார்கள். 1930-க்குப் பிறகு உலகமெங்கும் வியாபாரம் மந்தமானபோது, விற்காத தேயிலையை இந்தியர் தலையிலேயே கட்டுவதென்று முனைந்தார்கள். 1937-ல் அதற்கென்றே ஒரு போர்டு அமைந்தது. ரயில் நிலையங்களில் விளம்பரப் பலகைகள் தொங்கின. பிரசாரகர்கள் ஊர்தோறும் சென்று தேநீரைக் காய்ச்சிக் காட்டி இலவசமாக வழங்கினார்கள். 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது மகாத்மா காந்தி ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில், தேநீர், காப்பி, கோக்கோ ஆகிய மூன்றும் தேகத்துக்கு வேண்டாதவை என்றார். அவருடைய சொல்லைவிட இலவசக் கோப்பைக்கே வெற்றி கிடைத்தது. இன்று நம் நாட்டில் விளையும் தேயிலையில் பெரும்பங்கை நாமே குடிக்கிறோம்.

தேயிலையின்மேல் நமக்குப் பகையில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போதே ஒரு கோப்பை அருகில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம்மை வருத்துவது அதற்கு அடுத்த படி. நாட்டுப் பானம் வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கு மீண்டும் வந்திருக்கிறது. வந்ததும் அவர்கள் கொல்லைக்குப் போகாமல் கடைக்குப் போகிறார்கள். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே சென்று, ஒரு சுக்குக் காப்பிப் பொட்டலத்தை வாங்கி, பரம்பரையைக் காப்பாற்றிவிட்டதாகத் திருப்தியடைந்து வந்தோம். பசியாவரத்திலிருந்து திரும்பிய வாரம் அதை வகுப்புக்குக் கொண்டு சென்று, பின்புறத்தில் அச்சிட்டிருந்ததை ஒரு மாணவனை வாசிக்கச் சொன்னோம். எந்தச் சரக்கு எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதற் சரக்கு சர்க்கரை, சுக்கு நான்காவது. பையன் வாசித்து முடித்து, "ஐயா, இது சுக்குப் போட்ட சர்க்கரை" என்றான். வகுப்பே சிரித்தது. நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சில எச்சரிக்கைகள்

பழமையைப் புகழ்கிறவர்கள் அளவு கடந்து போவதுண்டு. அந்தத் தவறை நாம் செய்ய விரும்பவில்லை. இந்தப் பானம் குளிருக்கு இதம். தொண்டைக் கரகரப்புக்கு ஆறுதல். அஜீரணத்துக்கும் குமட்டலுக்கும் இஞ்சி உதவும். அவ்வளவே. நீரிழிவையோ இரத்தக் கொதிப்பையோ இது தீர்க்காது. கருப்பட்டி என்ன பெருமையுடையதாயினும் சர்க்கரையின் இனமே. நீரிழிவுள்ளவர்கள் இனிப்பின்றிக் குடிக்க வேண்டும். இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பவர் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அது ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இஞ்சியையும் மிளகையும் மிகுதியாகச் சேர்க்குமுன் வைத்தியரைக் கேட்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கலாகாது. நம் மாணவி ஒருத்திக்கு நான்கு நாள் வெறும் கஷாயமே கொடுத்து வந்தார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. கடவுள் கிருபையால் பிழைத்தாள். அவளுடைய தாயார் கொடுத்த கஷாயத்தில் குற்றமில்லை. அது செய்யக்கூடியதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்ததே குற்றம்.

மூன்று தொட்டிகள்

பசியாவரத்தில் விடைபெறும்போது, "உங்கள் மருமகளும் இதைச் செய்வாரா?" என்று அந்த அம்மாளைக் கேட்டோம்.

"அதுக்கு ஏதுங்க ஐயா நேரம்? விடியறதுக்குள்ள மீன் விக்கப் போயிடுது. கடையில பொட்டலம் வாங்கிடுது. எனக்கப்புறம் இந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாம் மறுமொழி சொல்லத் தெரியாமல் நின்றோம். அதற்குள் கூட வந்திருந்த மாணவி ஒருத்தி, "ஆயா, எனக்கு ஒரு கிளை தருவீர்களா?" என்று கேட்டாள். அவர் ஓமவல்லியில் ஒரு கிளையை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். படகில் அவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

ஓமவல்லிக்கு வேர் வேண்டுவதில்லை. ஒடித்த கிளையை நட்டாலே பிழைத்துக்கொள்ளும். அந்தக் கிளை நம் பள்ளிக்கூடத்து வேலியோரத்தில் தழைத்து, அதிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குக் கிளைகள் போயிருக்கின்றன. கிளையோடு மேலே சொன்ன அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து வருகிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு நாம் இடும் கட்டளை ஒன்று உண்டு. காகிதத்தைப் பார்த்துச் செய்வதற்கு முன், வீட்டில் பாட்டி இருந்தால், அவர் எப்படிச் செய்வார் என்று முதலில் கேட்டு வர வேண்டும். கேட்டு வருகிற பிள்ளைகளின் குறிப்புகளில் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரு வீட்டில் வெற்றிலை சேர்கிறது. ஒரு வீட்டில் சித்தரத்தை. ஒரு வீட்டில் சோம்பு. இந்த வேற்றுமைகளெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.

பசியாவரம் என்னும் பெயரின் காரணம் எதுவாயினும், அதைப் பிரித்துப் பார்க்கும்போது பசியாத வரம் என்றே நம் காதில் ஒலிக்கிறது. அங்கே நமக்குக் கிடைத்தது ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு கிளையுந்தான். வாசகர்களில் முற்றமுள்ளவர் முற்றத்திலும், இல்லாதவர் ஜன்னலோரத்திலும் மூன்று தொட்டிகள் வைக்கட்டும். அடுத்த மழைநாள் வரும்போது, நீலப் புகை எழும் அடுப்போ நீலச் சுடர் எரியும் அடுப்போ, எதுவாயினும், அதன்மேல் நல்ல தண்ணீரை ஏற்றிவிட்டு, வீட்டிலுள்ள முதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கட்டும்: "இஞ்சி எவ்வளவு போட வேண்டும்?" கண்ணளவுதான் என்று பதில் வரும். அந்தக் கண் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நலம்.